பிறந்த வீட்டுக் கற்பூரம்

கோதண்டராமனுக்கு அந்த வருஷம் எல்லாமே அலுத்துப்போயிருந்தது. கீழ்பென்னாத்தூர் போகிற பஸ் அலுத்துப்போயிருந்தது, அந்த பஸ்ஸின் கடைசி சீட் அலுத்துப்போயிருந்தது, உயர்நிலைப் பள்ளியில் அவர் நடத்துகிற ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் பாடம் எப்போதோ அலுத்துப்போயிருந்தது. காலையில் மத்தலாங்குளத் தெருவிலிருந்து குடையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்புவார். பொழுது சாய்ந்து குடையும் காலி டப்பாவுமாகத் திரும்புவார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. மனுஷனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் உட்காரும்போது ‘அப்பாடா’ என்பார், எழுந்திருக்கும்போது ‘முருகா’ என்பார். இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் பேச்சே கிடையாது.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான், எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை தீபம் முடிந்து கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு சாயங்காலம், தங்கை வள்ளி வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள், அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

“இன்னா வள்ளி, இந்நேரத்துல? மாப்ள வர்லயா?”

“வர்ல. நான் மட்டுந்தான் வந்தேன்.”

கோதண்டராமனின் மனைவி சந்திரகலா குழந்தையை வாங்கிக்கொண்டாள். வள்ளி ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“வைக்கப்போர் எரிஞ்சு போச்சுண்ணா. நான்தான் கொளுத்துனேன்னு சொல்றாங்க.”

எரிந்தது சாதாரணப் போர் இல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியும் வைக்கோலுமாகச் சேர்த்து அடுக்கின போர். இரண்டு உழவு மாடும் ஒரு கறவையும் அடுத்த அறுப்பு வரைக்கும் அதை நம்பித்தான் நின்றன. தீபத்தன்று பொழுது சாய்ந்து, மலை உச்சியில் தீபம் தெரிந்ததும், வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் கழனிப் பக்கம் போய் நின்று கும்பிட்டிருக்கிறார்கள். வள்ளி மட்டும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் கொல்லையில் போர் திகுதிகுவென்று எரிகிறது. யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவள் ஏன் போகவில்லை என்பதுதான் விஷயமே. கார்த்திகைக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொரியும் வெல்லமும் ஒரு சேலையும் வர வேண்டும். வருஷா வருஷம் அண்ணன்காரன் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். அந்த வருஷம் கோதண்டராமன் போகவில்லை. மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. சந்திரகலா நாலு தடவை ஞாபகப்படுத்தினாள். நாலு தடவையும் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்றார். அலுப்பு. தீபத்தன்று காலையில் வள்ளியின் மாமியார் காசியம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டே, ‘உங்க அண்ணன் இங்கிலீஷ்காரனாச்சே, கார்த்திகையெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போவுது’ என்றிருக்கிறாள். வள்ளிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தையாகி, கடைசியில் ‘எல்லாம் எரிஞ்சு போவட்டும்’ என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பொம்பளைகள் ஆத்திரத்தில் தினம் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்குப் பார்த்து நிஜமாகவே எரிந்து தொலைத்தது.

“என் வாயில வந்த வார்த்தைதாண்ணா. ஆனா என் கை எதையும் தொடல.” வள்ளி அண்ணனை நேராகப் பார்த்தாள். “நீ நம்புறியா?”

கோதண்டராமன் குடையை மூலையில் சாத்தினார். அது சரிந்தது. மறுபடியும் சாத்தினார்.

“மொதல்ல கை கால் கழுவிக்கினு சாப்புடு. இன்னா பண்ணலாம்னு அப்புறம் பாப்போம்.”

வள்ளி கை கால் கழுவப் போனாள்.

கோதண்டராமன் அயோக்கியர் இல்லை. தங்கை மேல் பாசம் இல்லாதவரும் இல்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்டபோது, கூப்பிடாமலே ஒரு பழைய காட்சி வந்து கண்முன் நின்றது. வள்ளி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தீபாவளி. அப்பா இவருக்குப் புதுச் சட்டை எடுத்துவிட்டு, வள்ளிக்கு மிச்சத் துணியில் பாவாடை தைத்துக் கொடுத்தார். அது மிச்சத் துணி என்று தெரிந்ததும் அந்தப் பிசாசு ஒரு வார்த்தை பேசாமல் பாவாடையைச் சுருட்டி எரிகிற அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். அழவும் இல்லை. எரிவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ‘சேச்சே, அது கொழந்த’ என்று அவர் அந்த நினைப்பைத் தள்ளினார். அது போய்விட்டு மறுபடி வந்தது.

இரண்டு நாள் கழித்து வள்ளியின் புருஷன் தசரதன் வந்தான். வாட்டசாட்டமான ஆள்தான், ஆனால் அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டான். பெண்டாட்டியைப் பார்க்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தான்.

“மச்சான், ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. வெள்ளிக்கெழம காலைல மாரியம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டா போதும்னு பெரியவர் அப்பாசாமி சொல்லிட்டாரு. அதோட யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நீங்க வந்து ஏத்திக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சுது.”

தசரதனின் வகையறாவில் அப்படி ஒரு வழக்கம். வீட்டுக்கு வந்த மருமகள் சத்தியம் செய்ய வேண்டி வந்தால், அவள் கையால் அடித்து அணைக்கிற கற்பூரத்தை அவளுடைய பிறந்த வீட்டு ஆண்பிள்ளைதான் ஏற்ற வேண்டும். அப்பன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பி. அவன் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டால் சத்தியமே கிடையாது. ‘எங்க பொண்ணு வாயால சொன்னா போதும், நெருப்பெல்லாம் வேணாம்’ என்று அதற்கு அர்த்தம். அப்புறம் புகுந்த வீட்டார் ஒன்று அவள் சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லை பெண்ணைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். இடையில் வேறு வழி இல்லை.

வள்ளி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்பதற்காகத்தான் நின்றாள்.

“சரி, வர்றேன்” என்றார் கோதண்டராமன்.

தசரதன் போன பிறகு சந்திரகலா அடுப்படியிலிருந்து வந்தாள். நாத்தனாருக்காகச் சண்டை போடுகிறவள் என்று அவளை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எதுக்கு ஒத்துக்கினீங்க? ஏத்த மாட்டேன்னு சொல்றதுதானே?”

“சொல்லிட்டு? அவ இங்கயே இருக்கறதா?”

“இருக்கட்டுமே. நீங்க, நானு, மூணு பொண்ணுங்க. அஞ்சு பேருக்கு ஒல வெக்கறேன். ஏழு பேருக்கு வெச்சா என் கை ஒடஞ்சிடுமா?”

“ஒனக்குத் தெரியாது, சும்மா இரு. சின்ன விஷயம், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் அவ நிம்மதியா இருப்பா.”

அவருக்கும் நிம்மதியாக இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அதுதான் பெரிய காரணம். ஊரோடு மல்லுக்கு நிற்கவும், காசியம்மாளோடு வாதம் பண்ணவும், போக வர அலையவும் அவர் உடம்பில் தெம்பு இல்லை. ஒரு குச்சியைக் கிழித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றால் கிழித்துவிட்டுப் போகலாமே என்றிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் செங்கம் ரோட்டில் எடித்தம்மாவுக்குத் தமிழ் சொல்லித்தரப் போனார். எடித்தம்மா சீமையில் ஓர் அகராதி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர்கள் அவளுக்கு டிக்சனரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆசிரமத்துக்கு வந்த சிநேகிதி ஒருத்தி இழுத்துவந்தாள் என்று வந்தவள். சிநேகிதி ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள், இவள் மாடி அறையில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வீங்கின முழங்காலுமாக மாட்டிக்கொண்டாள். மலை சுற்ற முடியாது. தியானம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கோதண்டராமனுக்கு அவளைப் பிடித்திருந்ததற்குக் காரணம், அவளும் அவரைப் போலவே களைத்த ஜீவன் என்பதுதான்.

அன்றைக்கு அவள் ‘நம்பு’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். அதை வைத்துச் சில வாக்கியங்கள் கேட்டாள். கோதண்டராமன் சொன்னார். ‘நான் உன்னை நம்புகிறேன்’ என்று சொல்லும்போது வள்ளி நினைவுக்கு வந்தாள். பேச்சை மாற்றுவதற்காக, பள்ளிக்கூடத்தில் ‘பிலீவ்’ என்கிற சொல்லைப் பையன்களுக்கு எப்படி மனப்பாடம் பண்ணவைக்கிறார் என்று சொன்னார். அதன் எழுத்துகளுக்கு நடுவில் ‘பொய்’ என்று பொருள்படுகிற ‘லை’ என்கிற குட்டிச் சொல் உட்கார்ந்திருக்கிறது, அதை ஞாபகம் வைத்துக்கொண்டால் தப்பு வராது. இங்கிலீஷ் வாத்தியார்கள் எல்லாரும் சொல்லித்தருகிற குறுக்கு வழி.

எடித்தம்மா சிரித்தாள். தன் ஊரிலும் அப்படித்தான் சொல்லித்தருவார்கள் என்றாள். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள்: “ஆனால் அந்தச் சொல் பிறந்த இடத்தில் பொய்க்கு வேலையே இல்லை. ஆதியில் அதற்கும் அன்பைச் சொல்கிற ‘லவ்’ என்கிற சொல்லுக்கும் ஒரே வேர். ஒருவரை அருமையாக வைத்துக்கொள்வது, நமக்கு வேண்டியவராக வைத்துக்கொள்வது. அதுதான் பழைய பொருள். அவர் சொல்வது மெய்யா என்று பார்ப்பதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது ஒட்டிக்கொண்டதுதான் மிஞ்சியிருக்கிறது.”

“ருசு, சாட்சி எதுவும் கேக்க மாட்டாங்களா?”

“ருசு கிடைத்துவிட்டால் அப்புறம் நம்புவதற்கு என்ன இருக்கிறது? தெரிந்துகொண்டாகிவிட்டதே.”

அவள் அதைப் பெரிய ஞானமாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்து சலித்தவளின் குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் இன்றைக்கும் தண்ணீர் திறந்துவிடவில்லை என்று புலம்ப ஆரம்பித்தாள். கோதண்டராமன் முருகா என்று எழுந்து படி இறங்கினார். இந்தம்மாவுக்கு வேறு வேலை கிடையாது என்று வழியெல்லாம் எரிச்சலாக வந்தது. இங்கிலீஷ்காரன் சொல் எங்கே பிறந்தால் நமக்கென்ன, நம் சொல் வேறு, நம் ஊர் வேறு என்று தேற்றிக்கொண்டார்.

அந்தத் தேறுதலும் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் தமிழ்ப் பண்டிதர் இராமலிங்கம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம், கோதண்டராமன் வாயைக் கொடுத்தார்.

“ஐயா, நம்புங்கற சொல்லுக்குப் பழைய அர்த்தம் எதுனா இருக்குதா?”

“இருக்குதே. நசை.” பண்டிதர் வெற்றிலையை மடித்தார். “விருப்பம் சார். ஒருத்தர் மேல மனசு போறது, ஆசையா இருக்கறது. அந்தக் காலத்துல நம்புன்னா அதுதான். சாட்சி சாட்சியம்லாம் கோர்ட்டு சமாசாரம். எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

கோதண்டராமன் தன் மேஜைக்குத் திரும்பினார். சீமையிலும் அதைத்தான் சொல்கிறார்கள், இங்கேயும் அதைத்தான் சொல்கிறார்கள். தப்பித்துப் போக மூன்றாவதாக ஒரு பாஷை அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, வெள்ளிக்கிழமை போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு தரம் நினைத்தார். வீட்டுக்குப் போய் வள்ளியிடம், ‘நான் ஏத்த மாட்டேன், நீ இங்கயே இரு’ என்று சொல்லிவிட்டால் என்ன? நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்ட பிறகு வருகிற நாட்களையும் சேர்த்து நினைத்தார். தசரதன் வருவான், பெரியவர் வருவார், பேச்சு வளரும், பதில் சொல்ல வேண்டும். அதோடு அந்தப் பாவாடை வேறு அடுப்புக்குள் எரிந்துகொண்டே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மலைமேல் தீபம் இன்னும் இருந்தது. வெயிலில் சுடர் தெரியாது, உச்சியில் மெல்லிய புகை மட்டும் தெரியும். மாரியம்மன் கோயில் அடி அண்ணாமலை எல்லையில், மலை சுற்றுகிற பாதையை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. ஊரில் பாதி அங்கே நின்றது. அப்பாசாமி தோளில் துண்டோடு நடுவில் நின்றார். காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம். தசரதன் தரையைப் பார்த்தபடி. அவன் தம்பி கண்ணாயிரம், இன்னும் கல்யாணம் ஆகாத இளவட்டம், கூட்டத்துக்குப் பின்னால் மரத்தில் சாய்ந்து நின்றான்.

வள்ளி குளத்தில் முழுகி ஈரப் புடவையோடு வந்தாள். குளிரில் உதடு நடுங்கியது. அம்மன் முன்னால் ஒரு செங்கல்லும் அதன்மேல் கற்பூரமும் வைத்திருந்தார்கள்.

“சார், ஏத்துங்க” என்றார் அப்பாசாமி.

கோதண்டராமன் தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி பற்றி உடனே அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. காற்றே இல்லை. கூட்டத்தில் யாரோ ‘குச்சி நமுத்துப் போச்சு சார்’ என்றார்கள். அப்போதுதான் அவர் வள்ளியைப் பார்த்தார். அவள் கற்பூரத்தைப் பார்க்கவில்லை, அம்மனையும் பார்க்கவில்லை. அண்ணனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை இப்போதாவது தீப்பெட்டியைக் கீழே போடாதா என்று பார்த்தாள். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. இவ்வளவு பேர் கூடின பிறகு எப்படிப் போடுவது என்று இருந்தது. இன்னொரு குச்சியைக் கிழித்தார். கற்பூரம் பற்றிக்கொண்டது.

வள்ளி கண்ணை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஊருக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“அந்தப் போருக்கு நான் நெருப்பு வெக்கல. வெச்சிருந்தா ஆத்தா என்னைக் கேக்கட்டும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, உள்ளங்கையை விரித்து எரிகிற கற்பூரத்தின்மேல் அடித்தாள். அடித்த கையை உடனே எடுக்கவில்லை. சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அழுத்தி வைத்திருந்தாள். காசியம்மாள்தான் ‘போதும்டி, போதும்டி’ என்று ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் கையாலேயே தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அந்தக் கிழவிக்கு மனசு ஆறிவிட்டது. ஊருக்கும் ஆறிவிட்டது. தசரதன் மச்சானுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். கோதண்டராமன் குடித்துவிட்டு, குழந்தையைக் கொஞ்சிவிட்டு, வள்ளியிடம் வர்றேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த கோதண்டராமனை பஸ் ஸ்டாண்டில் தசரதன் பிடித்துக்கொண்டான். முகத்தில் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது.

“மச்சான், விஷயம் வெளிய வந்துருச்சு. எல்லாம் இந்த கண்ணாயிரம் பய பண்ண வேல. தீபத்தன்னிக்குக் கரித்தூள துணில கட்டிக் கொளுத்தி மாவளி சுத்தியிருக்கான். ஏரிக்கரைல சுத்துனேன்னு சொன்னது பொய்யி. கொல்லைலயே சுத்தியிருக்கான். துணி அவுந்து கரித்தூள் கங்கு பூரா போர் மேல கொட்டிக்கிச்சு. பயத்துல ஓடிட்டான். இப்ப மஞ்சக்காமால வந்து படுத்துட்டான். ஆத்தா கேட்டுட்டான்னு அழுது எல்லாத்தையும் கக்கிட்டான். அம்மா வள்ளி காலப் புடிக்காத கொறதான்.”

“அப்பாடா” என்றார் கோதண்டராமன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. இத்தனை நாள் உட்காரும்போதெல்லாம் சொன்ன வார்த்தைதான். ஆனால் இது உடம்புக் களைப்பில் வந்தது இல்லை. தங்கை மேல் குற்றம் இல்லை என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அதனால் வந்தது. முன்பே நம்பினவனுக்கு இந்த அப்பாடா எதற்கு? கூட்டம் நெருக்கும் பஸ் ஸ்டாண்டின் நடுவில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. தசரதன் ஒன்றையும் கவனிக்கவில்லை, டீ சாப்பிடலாம் வாங்க என்று கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்றுதான் வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். வள்ளி மாமியாரை மன்னித்துவிட்டாள். கண்ணாயிரத்துக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து அவனை எழுப்பி உட்கார வைத்தவளே அவள்தான். விசேஷத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள், சிரித்தாள், சந்திரகலாவுக்குக் கழனியில் விளைந்த பயறு கொண்டுவந்தாள். அண்ணனை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசினால் தேவலை என்று கோதண்டராமன் காத்திருந்தார்.

ஆனால் ஒன்று. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அண்ணா அண்ணா என்று வருவாள். அந்தக் கோடையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறாள். ஒரு ராத்திரி அங்கேயே வராந்தாவில் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கும் மத்தலாங்குளத் தெருவுக்கும் கூப்பிடு தூரம். வரவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. வாரம் கழிந்து சந்திரகலா யார் மூலமோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கோதண்டராமன் பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

எடித்தம்மாவும் அந்தக் கோடையில் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். முழங்கால் தாங்கவில்லை. போகும்போது ஸ்டவ்வை வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள், தமிழ் நன்றாக வந்தது என்று கோதண்டராமனின் கையைக் குலுக்கினாள். அவருக்குப் புதன்கிழமைகள் காலியாயின. அந்த நேரத்தில் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கார்த்திகைக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பொரி, வெல்லம், அரக்கு நிறத்தில் ஒரு சேலை. எல்லாவற்றையும் தானே கடைக்குப் போய் வாங்கி, தீபத்தன்று மத்தியானமே அடி அண்ணாமலைக்குப் போய் இறங்கினார். காசியம்மாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். கொல்லையில் புதுப் போர் நின்றது. அதைச் சுற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் எல்லாரும் கழனிப் பக்கம் போனார்கள். வள்ளி அகல்களுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். கோதண்டராமனும் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை அப்பாடா என்று சொல்லவில்லை. வள்ளி திரி திரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிடலாம், மன்னித்துக்கொள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்தது.

“வள்ளி, அன்னிக்கு நீ கேட்ட இல்ல, நம்புறியான்னு.”

“உம்.”

“நான் நம்புனேன் வள்ளி. அப்பவே நம்புனேன். ஒரு நாளும் ஒன்னை சந்தேகப்படல. ஊருக்கோசரந்தான் ஏத்துனேன்.”

வள்ளி ஓர் அகலை நகர்த்தி வைத்து, இன்னொன்றை எடுத்தாள். கோதண்டராமனால் பொறுக்க முடியவில்லை. விளக்குத் தட்டில் ஒரு கற்பூரத் துண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் படபடவென்று பேசினார்.

“வேணும்னா அந்தக் கற்பூரத்த ஏத்து. நீயே ஏத்து. கையால அணைச்சு சத்தியம் பண்றேன்.”

சொல்லிக்கொண்டே வலது கையைத் தட்டுக்கு மேலே விரித்து நீட்டிவிட்டார்.

வள்ளி அகலைக் கீழே வைத்தாள். அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக இறக்கி, அவர் மடியிலேயே கொண்டுபோய் வைத்தாள். அவளுடைய உள்ளங்கை பட்டபோது, நடுவில் ஓர் இடம் மட்டும் ரேகையில்லாமல் வழவழவென்று இருப்பது அவருக்குத் தெரிந்தது.

“இன்னாண்ணா நீ, எங்கிட்ட போயி சத்தியம் பண்ணிக்கினு? நீ வாயால சொன்னா போதாதா? நான் நம்புறேன்.”

குத்தல் இருக்கிறதா என்று அவர் அவள் முகத்தைத் தேடிப் பார்த்தார். இல்லை. துளிகூட இல்லை. சின்ன வயதில் அண்ணன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாளே, அதே முகம்தான், கொஞ்சம் களைத்திருந்தது. தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

வெளியே கழனிப் பக்கமிருந்து அரோகரா என்று ஒரே குரலாகக் கேட்டது. மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். வள்ளி முதல் அகலை ஏற்றினாள். பிறகு அவர் கொண்டுவந்த பொரியிலிருந்து ஒரு கை அள்ளி வெல்லத்தோடு அவர் கையில் கொடுத்து, “சாப்புடுண்ணா, காலைலேந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்ட” என்றாள்.

கோதண்டராமன் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். வள்ளி மிச்ச விளக்குகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.